கேம்ப் போன குரல்

பூவராகன் உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் கேம்ப்பிலேயே இருந்தார். வீட்டு வாசலில் வந்து யார் கேட்டாலும் ஐயா கேம்ப் என்றுதான் பதில். மகள் பிறந்தபோது ஐயா கேம்ப், அவளுக்குக் காது குத்தியபோது ஐயா கேம்ப், மாமனார் செத்துக் கிடந்தபோது ஐயா கேம்ப்பிலிருந்து கிளம்பிவிட்டார் என்று சேதி வந்தது, ஆனால் அவர் வந்து சேர்ந்தது காரியத்துக்கு. ஆகவே மாவட்ட வருவாய் அலுவலராக ஓய்வு பெற்று, மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து "யாரங்கே" என்று கூப்பிட்டு, அங்கே ஒருவரும் இல்லை என்பதைக் கண்டுகொண்ட பிறகு, இனிமேல் யாரும் தனக்குக் கேம்ப் போடப் போவதில்லை, தனக்கான கேம்ப்பைத் தானே செய்துகொள்ள வேண்டியதுதான் என்று அவர் முடிவுகட்டினார்.

நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் கொடுத்து, அதன் முதுகில் ஒரு பெட்டி வீடு கட்டச் சொன்னார். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடக்கு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு சுழல் நாற்காலி. இவ்வளவு சின்ன இடத்தில் சுழல் நாற்காலி எதற்குங்க என்று பட்டறைக்காரர் கேட்டார். மற்றதெல்லாம் அதற்காகத்தான் என்றார் பூவராகன். இந்த மாதிரி வண்டிக்கு வெளிநாட்டில் கேம்பர் என்று பேராம் என்று பட்டறைக்காரர் சொன்னதும், உலகம் கடைசியில் தன் வழிக்கு வந்துவிட்டது என்று அவருக்குப் பட்டது.

ஓட்டுவது அவர் மனைவி செங்கமலம். பூவராகனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது; அரசாங்கம் அவருக்கு ஜீப்பும் கொடுத்து, டிரைவரும் கொடுத்து, இடது பக்கம் உட்கார்ந்து உத்தரவு போடுகிற வேலையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. செங்கமலத்தின் அப்பா பண்ருட்டிப் பக்கம் செங்கல் சூளை வைத்திருந்தவர். தாவணி கட்டின வயசிலேயே, மேடும் பள்ளமுமான களத்தில், ஏற்றின பச்சைக்கல் ஒன்றுகூட விரிசல் விடாமல் சூளை லாரியைப் பின்னுக்கு எடுத்துக் காட்டியவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை, பெட்டியில் மடித்து வைத்த பட்டுப்புடவை மாதிரி அது அப்படியே கிடந்தது.

அவருடைய குரலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெரிய உடம்பு இல்லை அவருக்கு, ஆனால் அந்தக் குரல் அவருக்கு முன்னால் படியேறிப் போய்க் கதவைத் திறந்து வைக்கும். அது "ம்" என்றால் பக்கத்துக் கட்டடத்துக் குமாஸ்தா எழுந்து நிற்பார். வீட்டிலும் அதே குரல்தான்; சாப்பாட்டு மேசையில் "உப்பு" என்று அது சொன்னால் உப்பு தானாக நகர்ந்து வந்துவிடும் என்று அவர் நம்பியிருந்தார், செங்கமலத்தின் கை நகர்த்துவதை அவர் பார்த்ததில்லை. அவளும் நாளாவட்டத்தில், அது கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லவும், கூப்பிட்டு முடிப்பதற்குள் எழுந்திருக்கவும், கோபிக்கத் தொடங்குமுன் ஒத்துக்கொள்ளவும் பழகிவிட்டிருந்தாள்.

முதல் கேம்ப்புக்கு அவர் தேர்ந்தெடுத்த ஊர், பெரியகரட்டு மலையின் மேலே இருக்கும் நெல்லிமடுவு. பதவியில் இருந்தபோது பலமுறை அந்த ஊருக்குக் கேம்ப் போட்டதுண்டு. ஜீப் ஏறாது என்று டிரைவர் சொல்லிவிட்டதால், அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து, ஆய்வு செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். புளியும் சாமையும் இறக்குவதற்காக ஊர்க்காரர்களே வெட்டிய கரட்டு வழி ஒன்றுதான் மேலே போவதற்கு.

பாதுகாப்பில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. கிளம்பும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "கனமான சாமான் கீழே, லேசானது மேலே. சிலிண்டரை மூடு. தண்ணித் தொட்டி ரொம்பியிருக்கணும், இல்லேன்னா காலியா இருக்கணும், பாதி தண்ணி அலம்பும், அலம்பினா வண்டி சாயும். குக்கரைக் கட்டு. டம்ளரைக் கட்டு. கட்டாதது எதுவும் இருக்கக் கூடாது. கேட்டுதா?" எடை மேடையில் ஏற்றி எடை பார்க்க வேண்டும் என்றார், அவள் முந்தின நாளே பார்த்துவிட்டிருந்தாள். அடிவாரத்தில் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கு, அப்போதுதான் கல்லைக் கவ்விப் பிடிக்கும் என்றார், அப்போது அவள் மூன்றாவது டயரிலிருந்து நாலாவதுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர் சொன்னதெல்லாம் சரிதான், அதில் குறை சொல்ல முடியாது. நடந்துகொண்டிருப்பதை உத்தரவாக மாற்றுவதில் அவருக்கு இணை கிடையாது.

ஆனைமுட்டி என்று பேர் பெற்ற பாறைப்படியில் அது நடந்தது. "முதல் கியர்லயே வை, பிரேக்கை மிதிக்காதே, கட்டைவிரலை ஸ்டியரிங்குக்குள்ள விடாதே, திருப்பி அடிச்சா ஒடிஞ்சிடும், பாத்து, பாத்து, நான் சொல்றதை" என்று அவர் பேசிக்கொண்டே இருக்க, முன்சக்கரம் ஏறி நின்று, பின்சக்கரம் தடவித் தேடி, பெட்டி வீடு இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் சாய்ந்து, பிறகு நாலு சக்கரமும் ஒன்றாக மண்ணைத் தொட்டன. பொத்தென்று எதுவோ விழுந்தது. அதன் பிறகு நல்ல அமைதி. ஆளுக்குக் கடைசியில் மலை கண்ணில் பட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள் செங்கமலம்.

கொஞ்சம் சமமான இடம் வந்ததும் நிறுத்தி, இறங்கிப் பார்த்தாள். பெட்டியை வண்டியோடு பிணைத்திருந்த நாலு மூலைக் கம்பிகளும் முறுக்கோடு இருந்தன. குக்கர் இருந்தது, டம்ளர் இருந்தது, காபி ஃபில்டர்கூட மூடியோடு இருந்தது. திரும்பி வந்தால், பூவராகன் இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார், ஒரு சத்தமும் வரவில்லை. அதே நேரத்தில் பின்னால், வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏன் நிறுத்தினே? யாரைக் கேட்டு நிறுத்தினே?" என்று அவருடைய குரல் அதட்டியது.

செங்கமலம் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அவ்வளவு குலுக்கலில் எது வேண்டுமானாலும் விழும். எல்லாவற்றையும் கட்டச் சொன்ன மனுஷர், சொல்லிக்கொண்டிருந்ததைக் கட்ட மறந்துவிட்டார்.

அந்த வழியில் வண்டியைப் பின்னுக்கு எடுப்பது ஆபத்து என்பதால், இன்னும் கொஞ்ச தூரத்தில் இருந்த ஊருக்கே போய் வண்டியை நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் நடந்து இறங்கி வந்தார்கள். பாதி வழியில் எதிரே ஒரு பெண் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். கூடை "விலகு, விலகு" என்று கத்திக்கொண்டே வந்தது.

"இது உங்க வூட்டுதுங்களா அம்மா?" என்றாள் அந்தப் பெண். அவள் பேர் குப்பாயி, நெல்லிமடுவில் சாமை போட்டிருப்பவள்.

"எங்க வீட்டுக்காரரோடது."

குப்பாயி பூவராகனின் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதான பாத்தேன். தொறந்து மூடுது, ஒண்ணும் வரலயேன்னு."

"இதை எப்படி எடுத்தே?"

"கல்லு சந்துல கெடந்துச்சுங்க. கண்ணுக்கு ஒண்ணும் ஆப்புடல. கையை வுட்டா அடைக்கோழியாட்டம் சூடா இருந்துச்சு, அள்ளிக் கூடையில போட்டுக்கிட்டேன். மனு எங்கேன்னு கேட்டுச்சு. மனு இல்லீங்க சாமி, கூடைதான் இருக்குதுன்னேன்."

பூவராகன் கையை நீட்டினார். குப்பாயி கூடையை இறக்கவில்லை.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. சாமை பால் புடிச்சு நிக்குது, காட்டுப்பன்னி வந்து ஒழப்பிட்டுப் போவுது. தகரம் தட்டிப் பாத்தோம், வெடி போட்டுப் பாத்தோம், அதுங்களுக்குப் பழகிப்போச்சு. இது போட்ட ஒரு சத்தத்துல எங்க நாயி ஊரை வுட்டே ஓடிப்போச்சு. அறுப்பு முடியிற மட்டும் குடுங்க. பத்திரமா வெச்சிருந்து தந்துடறோம்."

பூவராகன் தலையை ஆட்டினார், கையை ஆட்டினார், காலைத் தரையில் உதைத்தார். அவருக்கு இதில் சம்மதம் இல்லை என்பது மூன்று மைலுக்கு அப்பால் நிற்கிறவனுக்கும் தெரிந்திருக்கும். செங்கமலத்துக்கும் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு கேள்வி அவளிடம் கேட்கப்பட்டு, அவளே பதில் சொல்ல வேண்டியதாக நின்றது.

"எடுத்துக்கோ" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பெட்டி வீட்டுக்குள் அவள் வெங்காயம் அரிந்தபோது, கத்தி பலகையில் படுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. எண்ணெய் காய்கிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் சமைத்தும் எண்ணெய்க்கு ஒரு சத்தம் இருப்பதை அவள் அறிந்ததில்லை. சந்தோஷமாக இருந்தது, அப்படி இருப்பதற்காகக் கூச்சமாகவும் இருந்தது. சுழல் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த புருஷனுக்கு இரண்டு கரண்டி நெய் கூடவே ஊற்றினாள்.

குப்பாயி அந்தக் குரலை ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்னில் போட்டுக் காட்டுப் பரணில் தொங்கவிட்டாள். பன்றிகள் வந்தன, "யாருடா அது, ஆர்டர் இருக்கா?" என்று டின் கேட்டது, பன்றிகள் போயின, போனவை திரும்பவில்லை. மற்றவர்களும் ஆளுக்கொரு நாள் இரவல் கேட்டார்கள். நெல்லிமடுவில் இதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. கீழேயிருந்து இதற்கு முன் அந்த ஊருக்கு வந்து சேர்ந்ததெல்லாம் குரல்தான், ஆள் வந்ததில்லை, ஆகவே குரல் தனியாக வருவதுதான் முறை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தவர் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் தீர்த்தன். ரேஷன் அரிசி மேலே ஏறாமல் கிடந்த சமயம் அது. தீர்த்தன் டின்னோடு பாறை மேல் ஏறி, சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று, கீழே ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "நெல்லிமடுவுலேருந்து ஐயா பேசறாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை டின் வாயில் வைத்தார். அந்தக் குரலுக்குப் புதிதாக எதுவும் பேசத் தெரியாது. பழைய பேச்சைத்தான் மாற்றி மாற்றிப் பேசும். "இன்னும் ஏன் அனுப்பலை?" என்றது. "எனக்குச் சாக்கு வேணாம்" என்றது. "சாயங்காலத்துக்குள்ள நடந்தாகணும், இல்லே, உன்னை எங்க அனுப்பணுமோ அங்க அனுப்பிடுவேன்" என்றது. என்ன அனுப்பவில்லை என்று அது சொல்லவில்லை, எதிர்ப்பக்கமும் கேட்கவில்லை, பயம் தானாகவே கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டது. அன்றைக்குச் சாயங்காலமே அரிசி கழுதைமேல் ஏறி வந்தது. அடுத்து நர்ஸம்மா வந்தார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதாகச் சொல்லப்பட்டு, அந்த ஊரை ஒருநாளும் பார்த்திராத வாத்தியார் ஒருவர், மூச்சு வாங்க ஏறி வந்து, பள்ளிக்கூடம் எது என்று விசாரித்தார். கடைசியில் ரோடு அளக்கிறவர்கள் ஜீப்பிலேயே வந்துவிட்டார்கள். எந்த ஐயா, எந்தப் பதவி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த மாதிரிக் குரலிடம் அதையெல்லாம் கேட்பது வழக்கம் இல்லை.

நல்லது நடந்ததும் மரியாதை வந்தது, மரியாதை வந்ததும் டின்னுக்கு ஒரு கொட்டகை வந்தது. கொட்டகையில் டின்னுக்குக் கீழே தீர்த்தன் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார், சட்டை போட்டுக்கொண்டார். ஆட்கள் கொட்டகைக்கு வெளியே செருப்பைக் கழற்றினார்கள், தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்கள். "ஐயா இப்ப சாப்புடற நேரம்" என்று தீர்த்தன் அவர்களைக் காக்க வைத்தார். "குரல் எதைச் சாப்பிடும்?" என்று கேட்ட ஒரு மாமியாரை அவள் மருமகளே அடக்கினாள். ஒருநாள் குப்பாயி, தன் முறை வந்துவிட்டது, டின்னை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று வந்து நின்றபோது, "நீ நிக்கிற இடம் புறம்போக்கு, காலி பண்ணு" என்றது குரல். அது யாரைப் பார்த்தாலும் சொல்கிற சொல்தான், கண் இல்லாத சொல். ஆனால் மறுநாள் காலையில் குப்பாயியின் பங்காளிகள் இரண்டு பேர், ஐயா உத்தரவு என்று சொல்லி, அவள் காட்டு வேலியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

குப்பாயி பெட்டி வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தாள். "பன்னியே தேவலாமுங்க அம்மா" என்றாள். "பன்னி வேலியைத் தாண்டித்தான் வந்துச்சு."

செங்கமலத்துக்கு முகம் சுண்டிப்போனது. தன் வீட்டில் நடந்ததெல்லாம் ஊருக்கு நடக்கிறது, நடத்திக்கொடுத்தது தான்தான் என்று நினைத்தாள். தனக்குக் கிடைத்த அமைதி எங்கேயோ வேறொரு தலைமேல் சத்தமாக இறங்கியிருக்கிறது.

பூவராகன் அப்போது வெளியே களத்தில், பெண்களோடு உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். முதல் சில நாள் அவர் முறைத்தபடிதான் இருந்தார். பிறகு, வாய்க்கு வேலை இல்லாமல் போனதாலோ என்னவோ, கண்ணுக்கு வேலை வந்தது. உப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தார், எழுந்து போய் எடுத்தார். யாராவது பேசினால் அவர்கள் முடிக்கிற வரைக்கும் கேட்டார். குறுக்கிட வழி இல்லாதவருக்கு வேறு என்ன செய்ய முடியும்? ஒரு காலையில் செங்கமலம் வண்டியைத் திருப்பி நிறுத்த முயன்றபோது அவரே இறங்கிப் போய், சக்கரத்துக்கு முன்னால் குனிந்து பார்த்து, கையால் சைகை காட்டினார்: உள்ளங்கையைக் காட்டினால் நில், விரலை மடக்கினால் வா, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், போதும். இரண்டு பேருக்கும் நடுவில் அப்படி ஒரு பாஷை உண்டானது. அதில் அதட்டல் வார்த்தை ஒன்றும் இல்லை.

குப்பாயி வந்து போன அன்றைக்கே வானம் இருண்டு பெரிய மழை பிடித்தது. இரண்டு மழை சேர்ந்தாற்போல் பெய்தால் ஆனைமுட்டிக்கு மேலே இருக்கும் சாய்வு வழி கரைந்துவிடும், பிறகு தை பிறக்கும் வரை வண்டி இறங்காது என்று எல்லாரும் சொன்னார்கள். மறுநாளே கிளம்புவது என்றும், போகும்போது குரலை எடுத்துப்போவது என்றும் செங்கமலம் தீர்த்தனிடம் சொன்னாள்.

"அது முடியாதுங்களே அம்மா" என்றார் தீர்த்தன், நாற்காலியை விட்டு எழாமல். "ரோடு வர்ற நேரம். ஐயா இல்லேன்னா பாதியில வுட்டுட்டுப் போயிருவானுங்க."

"ஐயா இங்க இருக்காரு, தீர்த்தன். இதோ நிக்கிறாரே."

தீர்த்தன் பூவராகனைப் பார்த்தார், அன்போடுதான் பார்த்தார். "இவருங்களா? இவரு நல்ல மனுசருங்க" என்றார்.

பூவராகன் செங்கமலத்தின் கையைத் தொட்டு, போகலாம் என்று சைகை காட்டினார். வேறு எதுவும் காட்டவில்லை. அன்று சாயங்காலம் மழை விட்ட இடைவெளியில் தனியாக இறங்கிப்போய், சாய்வு வழியில் வெகுநேரம் கல் புரட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை சேறோடு திரும்பி வந்தார்.

காலையில் கிளம்பினார்கள். சாய்வு வழியில் இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். வழியே பள்ளத்துப் பக்கமாகத் தோளைச் சாய்த்துக்கொண்டு போகும். வெறும் பிக்கப்புக்கு அது ஒன்றுமில்லை. முதுகில் வீட்டைச் சுமக்கிற வண்டிக்குத் தலை கனம், ஒரு முறை அளவுக்கு மேல் சாய்ந்தால் நிமிராது. ஆகவே பெட்டியின் மேல் சட்டத்தில் வடம் கட்டி, ஊரே மலைப்பக்கம் ஏறி நின்று அதை இழுத்துப் பிடித்தது. பள்ளத்துப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று பூவராகன் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு நகர்த்தியிருந்தார். அதே இடத்தில், ஜீப்புகள் வந்துபோகும்போது செய்வது போலவே வண்டியை ஒழுங்குபடுத்துவதற்காக என்று, தீர்த்தன் டின்னைக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்து ஒரு வேங்கை மரக் கிளையில் தொங்கவிட்டிருந்தார்.

செங்கமலம் முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல், எஞ்சின் பிடியிலேயே வண்டியை இறக்கினாள். ஸ்டியரிங் இருந்தது வலது பக்கம், ஆகவே கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்தால் அவளுக்கு நேர் கீழே பள்ளம். முன்னால் பூவராகன் பின்னோக்கி நடந்தபடி, இரண்டு கையையும் தூக்கி, விரல்களை மடக்கி மடக்கி வா வா என்றார். வண்டி சாய்ந்தது. உள்ளே கட்டி வைத்த டம்ளர்கள் ஒன்றோடொன்று முனகின. வடம் முறுகியது.

"இடது!" என்றது மரத்திலிருந்து குரல், ஜீப் காலத்துப் பழக்கத்தில். "இடதுல ஒடி! பள்ளம் தெரியலே? மலையோரமா ஏத்து! நான் சொல்றேன், ஏத்து!"

பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற யாருக்கும் அது சரி என்றுதான் படும். அவள் கை அதைக் கேட்டு இடது பக்கம் திரும்பவே ஆரம்பித்துவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம், கைக்கு மூளை தேவைப்படவில்லை. ஆனால் முன்னால் நின்ற மனுஷரின் கை வேறு சொல்லிற்று. வலது பக்கம், என்றது. பள்ளத்துப் பக்கம். இன்னும் ஒரு சாண். இடது ஓரத்துச் சேற்றுக்கடியில் ஒரு பாறை முதுகு ஒளிந்திருப்பதையும், இடது சக்கரம் அதில் ஏறினால் பெட்டி புரண்டுவிடும் என்பதையும், வலது சக்கரத்துக்காகப் பாறை விளிம்பில் அவர் கல் அடுக்கி மேடாக்கி வைத்திருந்ததையும் அந்தக் கை மட்டும்தான் அறியும். அவள் இருக்கையிலிருந்து எதுவும் தெரியவில்லை. தெரிந்தது அவர் முகம் ஒன்றுதான். அதில் சேறு ஒட்டியிருந்தது, அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நிறுத்து! பிரேக்! சொன்னா கேக்க மாட்டே? ஏய், கயித்தை விடுங்கடா, எல்லாரும் கயித்தை விடு!"

வடம் பிடித்தவர்களின் கைகள், கொட்டகை வாசலில் நின்று பழகிய கைகள், தளர்ந்தன. தீர்த்தன் நிஜமாகவே விட்டுவிட்டார். பெட்டி ஒரு மூச்சு பள்ளத்துப் பக்கம் போனது.

"புடிங்கடா!" என்று குப்பாயி வீறிட்டாள். வடத்தைத் தன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "டின்னு சொல்லுதுன்னு ஆளைச் சாவடிப்பீங்களா? புடிங்க!"

பிடித்தார்கள். செங்கமலம் ஸ்டியரிங்கை வலது பக்கம், பள்ளத்தைப் பார்த்து, ஒரு சாண் திருப்பினாள். சக்கரம் கல்லின் மேல் ஏறியது, கல் நறநறத்தது, நின்றது. வண்டி நிமிர்ந்தது. பூவராகன் பின்னோக்கியே நடந்து, நடந்து, சமதரை வந்ததும் இரண்டு உள்ளங்கையையும் காட்டினார். அவள் எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவர் வந்து கதவைத் திறந்து அவள் முதுகில் கையை வைத்தார்.

மரத்தில் டின் சத்தமில்லாமல் தொங்கியது. சொன்ன சொல்லை மீறி ஒரு காரியம் நல்லபடியாக முடிந்ததை அது அதற்கு முன் கண்டதில்லை. குப்பாயி வடத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டு, "எடுத்துக்கிட்டுப் போங்க சாமி" என்று டின்னைக் கழற்றிக் கொண்டுவந்து பூவராகனிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, இளம் சூட்டை உள்ளங்கையில் ஒருதரம் உணர்ந்துவிட்டு, வழியோரத்துப் பாறை மேல் வைத்தார். பிறகு வண்டியில் ஏறி, இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

அடிவாரத்தில் டயருக்குக் காற்றடிக்கும்போதுதான் அவர் பேசினார். "டீ சொல்லட்டுமா?" என்றார். மெல்லிசான, புதுக் குரல். அன்றைக்குக் காலையில்தான் முளைத்தது போல, ஓரங்களில் இன்னும் ஈரத்தோடு. செங்கமலம் அதைச் சரியாகக் கேட்டுவிட்டுத்தான், சொல்லுங்க என்றாள்.

பழைய குரலை நெல்லிமடுவுக்காரர்கள் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குள் கீழே சேதி போய், அரசாங்க ஜீப் வந்தது. அந்தக் குரல் பணிக்காலத்தில், அரசாங்கச் செலவில் வளர்ந்தது, ஓய்வு பெற்றவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போனதே விதிமீறல் என்று சொல்லி டின்னோடு எடுத்துப் போனார்கள். கொஞ்ச நாளில் அதற்கு ஒரு பதவியும் கிடைத்தது, தனி அறையும் வாசலில் சிவப்பு விளக்கும் கிடைத்தன. கூட வேலை பார்க்கிறவர்களுக்கு அதனிடம் ஒரு குறையும் இல்லை. முந்தின அதிகாரியைவிட ஒழுங்கு, டீ கேட்பதில்லை, மத்தியானம் தூங்குவதில்லை என்றார்கள். நெல்லிமடுவு ரோடு பாதி வரை வந்து நின்றது. வாத்தியார் இறங்கிப் போய்விட்டார். நர்ஸம்மா மட்டும், யாரும் அதட்டாமலே, தன் விருப்பத்தில் மாதம் ஒருமுறை ஏறி வந்துகொண்டிருந்தார். தீர்த்தன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வடக்கயிறு திரிக்கப் போனார், குப்பாயி அவரோடு சாமை அறுப்பு முடிகிற வரை பேசவில்லை.

அடுத்த வருஷம் பூவராகனும் செங்கமலமும் வேறொரு மலைக்குப் போக விரும்பினார்கள். அந்தக் காட்டு வழிக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். செங்கமலம் வெளியே டயரைப் பார்த்துக்கொண்டிருக்க, பூவராகன் அலுவலகத்துக்குள் போய் வரிசையில் நின்றார். வரிசை நீளம். வியர்த்தது. முன்னால் நின்ற கிழவருக்குக் கால் வலித்தது, பூவராகன் அவரைத் தன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மத்தியானத்துக்குப் பிறகு அவர் முறை வந்தது. அறைக்குள் ஒரு பெரிய மேசை, மேசைக்குப் பின்னால் நாற்காலி, நாற்காலியில் வெள்ளைத் துண்டு விரித்து, அதன் மேல் பளபளவென்று தேய்த்து வைத்த ஒரு டின்.

"என்ன?" என்றது டின்.

பூவராகன் சொன்னார்.

"பேரு?"

சொன்னார்.

"என்ன முணுமுணுக்கிறே? கேக்கலே. சத்தமாச் சொல்லு."

அறையில் இருந்த எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பூவராகன் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"இவ்வளவுதாங்க இருக்கு" என்றார்.